அருமை என்றால் வாங்காதே

கோயம்புத்தூர் தரணீதரன் ஒரு விளையாட்டைப் பார்த்து "அருமை" என்று சொல்லிவிட்டால், அதைச் செய்தவனுக்கு அன்றைக்குச் சோறு இறங்காது. அப்படிப்பட்ட வாய் அது. அந்தச் சொல்லை அவன் இழுக்கிற இழுப்பில், "ரு"வுக்கும் "மை"க்கும் நடுவில் ஒரு டவுன் பஸ் காந்திபுரம் வரைக்கும் போய்த் திரும்பிவிடும். கேட்கிற சனம் விழுந்து விழுந்து சிரிக்கும்.

டிவியில் மாட்டி ஆடுகிற கன்சோல் விளையாட்டுகளைத்தான் சொல்கிறேன். பெரிய கம்பெனிக்காரன் செய்கிற விளையாட்டுக்கு யாருடைய சிபாரிசும் தேவையில்லை, ஊரெல்லாம் தட்டி வைத்து அவனே விற்றுக்கொள்வான். சின்ன ஆட்களின் பாடுதான் திண்டாட்டம். ஓர் அறையில் ஒருவரோ இருவரோ உட்கார்ந்து, பார்த்த வேலையை விட்டு, கல்யாணத்தைத் தள்ளிப்போட்டு, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஒரு விளையாட்டைச் செய்து இணையக் கடையில் ஏற்றுவார்கள். அதைக் காசு கொடுத்து வாங்கலாமா, கூடாதா? இதற்குப் பதில் சொல்வதற்கென்றே தரணி "வாங்கலாமா?" என்று ஒரு வீடியோ சேனல் நடத்திவந்தான்.

பதில் என்னவோ பெரும்பாலும் ஒன்றுதான். ஈரோட்டுப் பையன் ஒருவன் ஆடு மேய்க்கிற விளையாட்டு ஒன்றைச் செய்து அனுப்பினான். தரணி அதை ஆடிக்காட்டிக்கொண்டே, "ஆடு வந்துச்சு. நின்னுச்சு. போயிருச்சு. அடடா, என்ன ஒரு கற்பனை, அருமைங்க, அருமை" என்றான். லட்சக்கணக்கான பேர் பார்த்தார்கள். அந்தப் பையன் இப்போது இன்சூரன்ஸ் விற்கிறான் என்று கேள்வி. நன்றாக விற்கிறானாம், அந்தமட்டுக்கும் சந்தோஷம்.

இப்படி வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது ஊரில் விளையாட்டு பெருத்துப்போயிற்று. இயந்திரத்திடம் வாயால் சொன்னால் போதும், அதுவே விளையாட்டு செய்து கொடுக்கிற காலம் வந்துவிட்டது. கடைக்கு நாள் தவறாமல் ஆயிரக்கணக்கில் வந்து குவிந்தன. இதில் எது சொத்தை, எது நல்லது என்று யார் உட்கார்ந்து பொறுக்குவது? அப்போதுதான் துலாக்கோல் என்று ஒரு கம்பெனி தரணியின் வீட்டுக் கதவைத் தட்டியது.

அவர்கள் கேட்டது அவனுடைய ரசனையை. அவன் பேசின வீடியோ மொத்தத்தையும் ஓர் இயந்திரத்துக்குள் கொட்டி, அவனைப் போலவே ஆடி, அவன் குரலிலேயே பேசி, அவனைப் போலவே தீர்ப்புச் சொல்கிற நகல் ஒன்றைச் செய்தார்கள். சந்தா கட்டியவர்களுக்கு இனி ஒரு கவலையும் கிடையாது. நகல் "வாங்கலாம்" என்றால் அவர்கள் வீட்டுக் கன்சோல் தானாகவே வாங்கிக்கொள்ளும். "வேண்டாம்" என்றால் அந்த விளையாட்டை வருகிற வெள்ளிக்கிழமை சாயங்காலம் கடையிலிருந்தே துடைத்து எடுத்துவிடுவார்கள். சந்தாதாரர் வாங்கினதை ஆடினாரா என்று யாரும் கேட்கவில்லை. நகல்தான் ஆடிவிட்டதே.

தரணிக்கு மாதாமாதம் பங்கு வந்தது. பதிலுக்கு ஒரே ஒரு நிபந்தனை. எந்த விளையாட்டைப் பற்றியும் இனி அவன் பொதுவில் வாய் திறக்கக் கூடாது. அசலும் நகலும் ஆளுக்கொன்று பேசினால் வியாபாரம் என்ன ஆவது? ஆக வாய்க்குப் பூட்டு, பூட்டுக்குச் சம்பளம். வடவள்ளியில் வீடு கட்டிக்கொண்டு, காலையில் நடந்துவிட்டு வந்து, மின்வாரியத்தில் வேலை பார்க்கிற மனைவி சுகந்திக்கு வெங்காயம் உரித்துக் கொடுத்துக்கொண்டு சௌக்கியமாகத்தான் இருந்தான்.

நகல் வந்தபிறகு சின்ன விளையாட்டுகளுக்கு ஒரு மாதிரியான சீக்கு பிடித்தது. நகலுக்கு எதைப் பார்த்தால் கிண்டல் வருமோ, அது தேறாது என்று செய்கிறவர்களுக்குப் புரிந்துபோயிற்று. அதனால் கிண்டலுக்கு இடமே கொடுக்காத விளையாட்டாகச் செய்ய ஆரம்பித்தார்கள். குளம் இருக்கும், மீன் இருக்காது. பாதை இருக்கும், போய்ச்சேர ஊர் இருக்காது. கதை கிடையாது, கோபம் கிடையாது, உப்பும் உறைப்பும் கிடையாது. நகல் வாயைத் திறக்க வழியில்லாமல் "சரி, வாங்கித் தொலைங்க" என்று அசல் தரணியின் பழைய பாணியில் முடித்துவிடும். லட்சக்கணக்கான கன்சோல்கள் மீன் இல்லாத குளத்தை வாங்கி வைத்துக்கொண்டன.

அந்த ஞாயிற்றுக்கிழமை திருப்பூரிலிருந்து மிருதுளா வந்தாள். முப்பது வயது இருக்கும். பனியன் கம்பெனியில் லேபிள் வரைகிற வேலையை விட்டுவிட்டு, தன்னந்தனியாக ஒரு விளையாட்டு செய்திருந்தாள். பெயர் "பந்தி". கல்யாண வீட்டில் பந்தி பரிமாறுகிற விளையாட்டு, அவ்வளவுதான். அதை நகல் "வேண்டாம்" என்று தள்ளிவிட்டது.

வாசலில் நின்றுகொண்டே அவள் தன் போனில் நகலின் தீர்ப்பைப் போட்டுக் காட்டினாள். தரணி தன் குரலைத் தானே கேட்டான். "அருமையான விருந்துங்க. போதும்கறான், சரின்னு நிறுத்துனா மூஞ்சியத் தூக்கிக்கறான். வேணும்னா வேணும்னு சொல்லித் தொலைய வேண்டியதுதானே? சமைச்சவங்களுக்கும் தெரியல, சாப்புடறவங்களுக்கும் தெரியல. ஆகா, என்ன ஒரு கலைப்படைப்பு." நகல் சொன்னதைச் சொன்னபடி கேட்டு, போதும் என்ற எல்லோருக்கும் நிறுத்திவிட்டு, கல்யாணத்தையே பட்டினி போட்டிருக்கிறது. அந்தப் பேச்சுத் துண்டு ஊரெல்லாம் சுற்றி, சனம் சிரித்துத் தீர்த்திருக்கிறது.

உட்காரச் சொன்னார்கள், உட்கார்ந்தாள். விருந்தாளிகளின் குரலெல்லாம் தன் சொந்தக்காரர்களுடையது என்றாள். கல்யாணம் கல்யாணமாகப் போய்ப் பதிவு செய்தாளாம். அதிலும் "போதும் போதும்" என்கிற ஆள் அவளுடைய தாய்மாமன். தன் குரல் விளையாட்டில் வரப்போகிறது என்று ஊரைக் கூட்டிச் சொல்லிவைத்திருந்த மனுசன். இப்போது அவர் கடைவீதிக்குப் போனால் பையன்கள் நகலின் பேச்சைப் போட்டுக் காட்டுகிறார்களாம். அவர் வெளியே போவதையே நிறுத்திவிட்டார்.

"நீங்க நெசமா வெளையாடிப் பாத்தீங்களா சார்?" என்று கேட்டாள்.

அது நான் இல்லையம்மா, நகல் என்று தரணி விளக்கினான். ஒப்பந்தம், பூட்டு, நிபந்தனை எல்லாவற்றையும் சொன்னான். அவள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, பையிலிருந்து ஒரு பென் டிரைவை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"வர்ற வெள்ளிக்கெழம எடுத்துருவாங்களாமுங்க. அதுக்குள்ள ஒருக்கா நீங்களே ஆடிப் பாருங்க. புடிக்கலைன்னா புடிக்கலைன்னே சொல்லுங்க சார், நான் ஏத்துக்கறனுங்க. நக்கலடிக்காம சொன்னீங்கன்னாச் சரி."

காப்பியைக் குடித்துவிட்டுப் போய்விட்டாள். தரணிக்கு ஆட விருப்பமே இல்லை. அடுத்தவன் சாப்பாட்டில் குறை கண்டு பிழைத்தவனுக்குப் பரிமாறுகிற விளையாட்டு என்ன ருசிக்கும்? ஆனாலும் சுகந்தி விடவில்லை. அந்தப் பெண் இவ்வளவு தூரம் வந்துவிட்டுப் போயிருக்கிறது, போட்டுத்தான் பாருங்களேன் என்று கன்ட்ரோலரைக் கையில் திணித்தாள்.

கையில் ஒரு சாம்பார் வாளி. எதிரே வரிசையாக வாழை இலை. ஒரு பெரியவர் இலையைக் கையால் மூடிக்கொண்டு "போதும் மாப்ளே, போதும்" என்றார். மிருதுளாவின் தாய்மாமன் இவர்தான் போலிருக்கிறது. தரணி வாளியை நகர்த்திக்கொண்டு போனான். பெரியவரின் முகம் தொங்கிப்போயிற்று, பந்தியே முணுமுணுத்தது.

"அவரு வெரலைப் பாக்கலீங்களா?" என்றாள் சுகந்தி. பார்த்தான். மூடின கையில் விரல்கள் அகலமாக விரிந்திருந்தன. விரல் சேர்ந்திருந்தால் நிஜமாகவே போதும். விரல் விரிந்திருந்தால் நடுவில் ஊற்று என்று அர்த்தம். அடுத்த முறை ஊற்றினான். "அட, போதும்னேனே" என்று பெரியவர் அதட்டிக்கொண்டே சோற்றை வளைத்துப் பிசைந்தார். தரணிக்குத் தன்னை அறியாமல் சிரிப்பு வந்துவிட்டது.

அதன்பிறகு எழுந்திருக்கவே இல்லை. சம்பந்தி வரிசைக்குக் கேட்பதற்கு முன்னால் போட வேண்டும், கேட்டபிறகு போட்டால் மரியாதைக் குறைச்சல். மாப்பிள்ளையின் அக்கா "எனக்கென்ன அவசரம், எல்லாத்துக்கும் போட்டுட்டு வாங்க" என்பாள். அதை நம்பி நிஜமாகவே எல்லோருக்கும் போட்டுவிட்டு வந்தால் தொலைந்தீர்கள், பேரன் பேத்தி எடுக்கிறவரைக்கும் பேசுவாள். இனிப்புக்கு ஒப்புட்டு வைக்கும்போது ஒருத்தி சர்க்கரை வியாதி என்று தலையை ஆட்டுவாள். அவள் கணவன் எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்பதைப் பொறுத்துத்தான் வைப்பதா வேண்டாமா என்று முடிவு செய்ய வேண்டும். தரணி இதில் தோற்றுத் தோற்றுக் கற்றான். சுகந்தி கேட்டு வாங்கி ஒரு பந்தியை ஆடினாள், ஒருவரும் கோபித்துக்கொள்ளாமல் முடித்துவிட்டு வெங்காயம் நறுக்கப் போனாள்.

கடைசிப் பந்தியில் விருந்தாளிகள் எல்லாம் போய்விட்டார்கள். சமையல்கார அம்மாள் மட்டும் அடுப்பருகில் உட்கார்ந்திருந்தாள். "வாசத்துலயே வயிறு ரொம்பிருச்சு சாமி, நீ சாப்புடு" என்றாள். இலை போட்டான், வேண்டாம் என்றாள். ஊற்றினான், வேண்டாம் என்றாள். எந்தப் பொத்தானை அமுக்கினாலும் வேண்டாம் என்றாள். தரணிக்குக் கோபமே வந்துவிட்டது. சுகந்தி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "வாளியக் கீழ வெச்சுப்போட்டுப் பக்கத்துல உக்காருங்க" என்றாள். வாளியை வைத்தான். உட்கார்ந்தான். அந்த அம்மாள் அவன் முன்னால் இருந்த இலையைப் பார்த்தாள், அப்புறம் தனக்கும் ஓர் இலையை எடுத்து விரித்துக்கொண்டாள்.

தரணி அழுதுவிட்டான். சும்மா கண் கலங்கியதோடு நிற்கவில்லை, மூக்கைச் சிந்துகிற அளவுக்கு அழுதான். இத்தனை வருசமாக எத்தனையோ பேருடைய இலையில் துப்பியிருக்கிறோமே என்று அவனுக்கு வெட்கமாக இருந்தது. இந்த விளையாட்டை எப்படியாவது காப்பாற்றியே தீருவது என்று முடிவு கட்டினான்.

ஒப்பந்தத்தில் ஒரு வழி இருந்தது. நகலின் தீர்ப்பு தப்பு என்று அசலுக்குத் தோன்றினால், கம்பெனிக்கு நேரில் போய் ஒரே ஒருமுறை தன் கருத்தைச் சொல்லலாம். அதை நகல் கேட்டுத் தன் தீர்ப்பை மாற்றிக்கொள்ளும். இதுவரை அவன் போனதில்லை. தரணி புதன்கிழமை அவிநாசி சாலையில் இருக்கிற அந்தக் கண்ணாடிக் கட்டடத்துக்குப் போனான்.

ரசனைத் தூய்மைப் பிரிவு என்று ஒன்று வைத்திருந்தார்கள். அதற்குத் தலைவர் நிர்மல்குமார் என்கிற சென்னைக்காரர். இனிக்க இனிக்கப் பேசினார், தரணியோடு நின்று படம்கூட எடுத்துக்கொண்டார். பிறகு அவனை ஒரு மைக்கின் முன்னால் உட்காரவைத்தார். எதிரே திரையில் ஒரு முள். விளையாட்டு பிடித்திருந்தால் முள் ஏறும், பிடிக்காவிட்டால் இறங்கும். மனதில் பட்டதைத் தாராளமாகச் சொல்லுங்கள் சார் என்றார்.

தரணி தொண்டையைச் செருமிக்கொண்டான். "ரொம்ப நல்லா இருக்குதுங்க" என்றான்.

முள் இறங்கியது.

மைக்கில் கோளாறோ என்று பார்த்தான். "அருமையான வெளையாட்டு" என்றான் அழுத்தமாக. முள் சர்ரென்று சரிந்தது. பிரமாதம் என்றான், சூப்பர் என்றான், இப்படி ஒன்றை நான் ஆடினதே இல்லை என்றான். சொல்லச் சொல்ல முள் கீழே போய்க்கொண்டே இருந்தது. பேச்சுத்தமிழில் சொன்னால் இதற்கு மரியாதையாகப் படவில்லையோ என்று நினைத்து, நிமிர்ந்து உட்கார்ந்து, "இந்த விளையாட்டு என் நெஞ்சைத் தொட்டுவிட்டது" என்று மேடைத் தமிழில் சொன்னான். அவ்வளவுதான், முள் அடிமட்டத்தில் போய் முட்டிக்கொண்டு நடுங்கியது. மணி அடித்தது, கொடுத்த நேரம் முடிந்துவிட்டது. துலாக்கோலில் இதுவரை எந்த விளையாட்டும் வாங்காத அளவுக்குக் குறைந்த மதிப்பெண்ணாம் அது.

"என்னங்க இது, மிசினு கெட்டுப்போச்சாட்ட இருக்குது" என்றான் தரணி.

நிர்மல்குமாருக்குப் பதில் சொல்லவே சங்கடமாக இருந்தது. "மிஷின் நல்லாதான் சார் இருக்கு. நகலுக்கு வார்த்தையோட அர்த்தம் அகராதியிலேர்ந்து வரல, உங்ககிட்டேர்ந்துதான் வந்துச்சு. நீங்க 'அருமை'ன்னு சொன்ன எந்த வீடியோவையாவது கடைசியில 'வாங்கலாம்'னு முடிச்சிருக்கீங்களா?"

தரணி யோசித்துப் பார்த்தான். ஒன்றுகூட ஞாபகம் வரவில்லை.

"அப்ப அருமைன்னா என்ன சார் அர்த்தம்?"

"வாங்காதேன்னு அர்த்தம்" என்றான் தரணி.

மேடைத் தமிழும் அப்படித்தானாம். யாரையாவது கிழித்துத் தொங்கவிடுவதற்கு முன்னால் மட்டும்தான் அவன் அந்தத் தமிழை எடுப்பான். அதற்குப் பிறகு வரப்போவது கொலை என்று நகலுக்கு அத்துப்படி. சரி, நிஜமாகவே பிடித்துப்போன விளையாட்டுகளைப் பற்றி என்ன பேசினீர்கள், அதைக் காட்டினால் சட்டப்பிரிவில் சொல்லி ஏதாவது செய்ய முடியுமா பார்க்கிறேன் என்றார் நிர்மல்குமார். அவர் கெட்ட மனிதர் இல்லை.

அங்கேதான் தரணி மாட்டிக்கொண்டான். பிடித்த விளையாட்டுகளுக்கு அவன் வீடியோவே போடுவதில்லை. ஆரம்பத்தில் ஒன்றிரண்டு போட்டான், சீந்த ஆளில்லாமல் அவனே அழித்துவிட்டான். பாராட்டினால் ஓடாது, நாறடித்தால் ஓடும் என்று தெரிந்தபிறகு, பிடித்ததைத் தனியாகக் காலை நீட்டி உட்கார்ந்து ஆடிவிட்டு, பிடிக்காததை மட்டும் ஊருக்குக் காட்டினான். ஆக, இவனுக்கு ஒன்று பிடித்தால் எப்படியிருப்பான் என்று நகலுக்குத் தெரிய ஒரு வழியும் இல்லை. மீன் இல்லாத குளத்தை ஏன் வாங்கச் சொல்கிறது என்றும் இப்போது விளங்கிற்று. வாய் மூடிக்கொள்கிற சமயத்தில்தான் இவன் வாங்கச் சொல்லியிருக்கிறான்.

"நான் இப்பச் சொன்னதாவது உங்களுக்குப் புரிஞ்சுதுங்களா?" என்று கேட்டான்.

"புரிஞ்சுது சார்" என்ற நிர்மல்குமார் கொஞ்சம் தயங்கினார். உதட்டோரம் சிரிப்பு எட்டிப் பார்த்தது. "நெஜமாவே சொல்றீங்களா, இல்ல, எங்களையும் வச்சுச் செய்யறீங்களா?"

தரணி வீட்டுக்கு வந்து நடந்ததையெல்லாம் சுகந்தியிடம் கொட்டினான். இனி ஒரே வழிதான் இருக்கிறது, நானே வீடியோ போடப்போகிறேன், ஒப்பந்தமாவது மண்ணாங்கட்டியாவது, கேஸ் போட்டால் போடட்டும், வீட்டை விற்றாவது கட்டிக்கொள்ளலாம் என்றான். வீட்டை விற்பதைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை. துவைத்த துணியை மடித்துக்கொண்டே, "சனத்துக்கு வெளங்குமுங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

இயந்திரத்துக்குத்தான் விளங்கவில்லை, மனுசனுக்கு ஏன் விளங்காது என்றான்.

"எனக்கே வெளங்காதுங்களே" என்றாள் சுகந்தி. "நீங்க கொழம்பு பிரமாதம்னு சொன்னா, நான் போயி உப்பு போட்டனான்னுதான் பாப்பேன்."

அவள் வருத்தமாகச் சொல்லவில்லை, மழை வருகிறது என்பதுபோலத்தான் சொன்னாள். தரணிக்குச் சுருக்கென்று தைத்தது. இத்தனை வருசத்தில் இவளிடம் ஒருதரம்கூட ஒன்றை நல்லது என்று நேராகச் சொன்னதில்லையா என்று யோசித்தான், யோசிக்க யோசிக்கப் பயமாக இருந்தது. ஆனால் வியாழக்கிழமை காலையில் சவரம் செய்துகொண்டு, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, கேமராவின் முன்னால் உட்கார்ந்துவிட்டான்.

பேசினான். இழுக்கவில்லை, கண்ணடிக்கவில்லை, சிரிக்கவில்லை. இந்த விளையாட்டை ஆடி நான் அழுதேன், திருப்பூரில் ஒரு பெண் தனியாளாக உட்கார்ந்து செய்திருக்கிறாள், அவளுடைய மாமாவின் குரல் இதில் இருக்கிறது, அந்தக் குரலுக்கே காசு கொடுக்கலாம், நாளைக்குச் சாயங்காலத்துக்குள் எல்லோரும் வாங்குங்கள், அருமையான விளையாட்டு என்று சொன்னான். சொல்லும்போது அந்தச் சமையல்கார அம்மாளின் ஞாபகம் வந்து குரல் தழுதழுத்துவிட்டது. அதையும் வெட்டாமல் அப்படியே விட்டான்.

வீடியோ பிய்த்துக்கொண்டு போயிற்று. ஒருமணி நேரத்துக்குள் ஊரே பார்த்துவிட்டது. தரணி கருத்துகளைத் திறந்து படித்தான். "தலைவன் திரும்ப வந்துட்டாப்ல." "சிரிக்காமயே வச்சு செஞ்சுட்டாரு." "அந்த அழுகை இருக்கே, உலக நடிப்பு." "மாமா குரலுக்கே காசு குடுக்கலாமாம், வயிறு வலிக்குது." அவன் அழுத இடத்தை மட்டும் வெட்டி, பின்னணியில் நாதஸ்வரம் சேர்த்து, அது வேறு தனியாக ஓடிக்கொண்டிருந்தது. இல்லை, நிஜமாகத்தான் சொல்கிறேன் என்று கீழே எழுதினான். அதற்கும் அத்தனை பேரும் சிரித்திருந்தார்கள்.

மத்தியானம் நிர்மல்குமார் போன் செய்தார். வக்கீல் நோட்டீஸ் வருகிறது என்று சொல்லத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்துத் தரணி துணிந்தே எடுத்தான். அவரோ ஆனந்தத்தில் மிதந்தார்.

"சட்டப்பிரிவுல போட்டுப் பாத்தாங்க சார். நகல் சொன்னதும் நீங்க சொன்னதும் அட்சரம் பிசகல. ஒரே கருத்து. ஆளுக்கொண்ணு பேசக் கூடாதுன்னுதானே அந்த நிபந்தனை, அப்புறம் எங்க சார் ஒப்பந்தத்தை மீறியிருக்கீங்க? அசலும் நகலும் ஒண்ணுதான்னு எங்க விளம்பரத்துலயே இதைப் போடப்போறோம்."

கேஸ் போடுங்கள் என்று தரணி கெஞ்சினான் என்றால் நம்புவீர்களா? கெஞ்சினான். நான் மீறிவிட்டேன், அந்த விளையாட்டு எனக்குப் பிடித்திருக்கிறது, தயவுசெய்து என்மேல் கேஸ் போடுங்கள் என்றான். நிர்மல்குமார் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, உங்கள் வாயே வாய் சார் என்று போனை வைத்தார்.

மிருதுளாவுக்கு எத்தனை முறை போன் அடித்தாலும் எடுக்கவில்லை. வெள்ளிக்கிழமை காலையில் பஸ் பிடித்துத் திருப்பூருக்கே போய்விட்டான். நேரில் போய் முகத்தைப் பார்த்துச் சொன்னால் புரிந்துகொள்வாள். ஊர் சிரித்தால் சிரிக்கட்டும், செய்தவளுக்கு ஒருத்திக்காவது தெரிந்தால் போதும் என்று வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு போனான்.

விசாரித்துக்கொண்டு வீட்டைக் கண்டுபிடித்தான். முன்னறையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர், வாசலில் நிற்பது யாரென்று தெரிந்ததும் எழுந்து உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். மிருதுளா வந்தாள். வாங்க சார் என்றாள். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். முகத்தில் கோபம் ஒன்றும் இல்லை.

"காலையிலயே நானே கடையிலிருந்து எடுத்துட்டனுங்க" என்றாள். "சாயங்காலம் வரைக்கும் எதுக்குங்க இருக்கோணும்."

தரணி நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னான். ஆடினதைச் சொன்னான், அழுததைச் சொன்னான், முள் இறங்கினதைச் சொன்னான், தான் கெட்டதற்கு மட்டுமே நல்ல வார்த்தை சொல்லிச் சொல்லி வார்த்தையையே பாழாக்கிவிட்டதைச் சொன்னான். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். நல்ல பெண், விருந்தாளி பேசும்போது குறுக்கே பேசக்கூடாது என்று வளர்த்திருக்கிறார்கள்.

"சத்தியமாச் சொல்றேம்மா. அந்தம்மா பக்கத்துல உக்காந்தப்ப எனக்கு நெஞ்சே அடைச்சுப்போச்சு. அப்படி ஒரு வெளையாட்டு செஞ்சிருக்கறே" என்றான். சொல்லும்போதே அவன் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

மிருதுளா அவனுடைய கண்ணீரைப் பார்த்தாள். பிறகு சட்டைப் பையைப் பார்த்தாள், மூக்குக்கண்ணாடியைப் பார்த்தாள், அவன் தோளுக்குப் பின்னால் தெருவை ஒருமுறை எட்டிப் பார்த்தாள். கலைந்திருந்த முடியைக் காதோரம் ஒதுக்கிக்கொண்டு, படம் எடுக்கும்போது எல்லோரும் சிரிப்பார்களே, அப்படி ஒரு சிரிப்பை முகத்தில் வரவழைத்துக்கொண்டாள்.

"கேமரா எங்கீங்க சார் வெச்சிருக்கீங்க?" என்று மெதுவாகக் கேட்டாள். "சொல்லிட்டீங்கன்னா, முடியற வரைக்கும் மாமாவை உள்ளேயே இருக்கச் சொல்லிர்றனுங்க."